பூட்டன் ஊரைத் தேட டி.என்.ஏ. கிட்டும் சப்ஸ்கிரிப்ஷனும்: கொழும்புல இருந்து ஒரு ரிவியூ

முதல்ல ஸ்டார சொல்லிடுறேன், அஞ்சுக்கு ரெண்டு. அதுவும் குடும்ப மரம் போடுற பகுதி நல்லா இருக்கு, பழைய போட்டோ ஏத்தலாம், தமிழ்ல பேர் அடிச்சாலும் எடுத்துக்குது, அதுக்காகத்தான் அந்த ரெண்டு. கொம்பனி பேர் போடல. இந்த மாதிரி விக்கிற பெரிய கொம்பனிங்க எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், இந்தியாவுல இருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த ஆளுங்களத் தேடுறதுக்கு அது ஏன் ஒத்துவராதுன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், அவசரத்துல இருக்கிறவங்க கடைசிப் பந்திய மட்டும் வாசிச்சிட்டுப் போங்க.

எங்கட கதை கொட்டாஞ்சேனையில நூறு வீட்டுல கேக்கக்கூடிய கதைதான். தாத்தா டிக்கோயா பக்கம் தோட்டத்துல பிறந்து வளந்து, பொடியனா இருக்கிறப்பவே கொழும்புக்கு எறங்கி புறக்கோட்டையில மொத்த வியாபாரக் கடையில நின்னவர். அவரோட அப்பா, அதாவது என் பூட்டன், இந்தியாவுல இருந்து வந்தவர். பேர் ராமசாமி. "திருச்சி பக்கம்" - வீட்டுல தெரிஞ்சது இவ்வளவுதான். திருச்சி பக்கம் ராமசாமின்னு தேடுறதும் செட்டியார் தெருவுல தங்கம் விக்கிற கடை எதுன்னு தேடுறதும் ஒண்ணுதான்.

கிட்டு கனடாவுல ஸ்காபரோல இருக்கிற மச்சான் லீவுல வர்றப்ப கொண்டு வந்தது. எச்சில் துப்பி மூடிக் குடுத்தா அவரே திரும்பிப் போய் அங்க இருந்து தபால்ல போட்டுட்டாரு. சப்ஸ்கிரிப்ஷன் மட்டும் நான் கார்டுல கட்டினேன், டொலர் கணக்கு, ரூபா ரேட்டைப் பாத்தா வயிறு எரியும், ஆனா அத விடுங்க.

ரிசல்ட் வந்திச்சு. முதல் பக்கத்துல பெருசா ஒரு மேப், அதுல தமிழ்நாடு கேரளா இலங்கை எல்லாத்தையும் சேத்து ஒரே கலர் அடிச்சு "தென்னிந்தியா, இலங்கை"ன்னு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல போட்டிருந்திச்சு. இதச் சொல்ல எச்சில் எதுக்கு, என் மூஞ்சியப் பாத்தாலே பஸ் கண்டக்டர் சொல்லிடுவாரு. அம்மா அந்த மேப்ப ரொம்ப நேரம் பாத்துட்டு "இதுல முசிறி எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க (அதுக்குள்ள முசிறின்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கீழ வருது). மேப்புல முசிறி இல்ல, திருச்சியே இல்ல.

அடுத்தது சொந்தக்காரங்க லிஸ்ட். உலகம் பூரா என் இரத்தத்தோட ஒத்துப்போற ஆளுங்க. கனடா, மலேசியா, தென்னாபிரிக்கா, லண்டன். தமிழ்நாட்டுக் கிராமத்துல இருந்து ஒருத்தர் கூட இல்ல, ஏன்னா முசிறி பக்கத்துல யாரு டொலர் குடுத்து எச்சில் அனுப்பப் போறாங்க? பூட்டனோட டி.என்.ஏ. எனக்குள்ள சராசரியா எட்டுல ஒரு பங்குதான் இருக்கும், பன்னிரண்டரை சதவீதம். பூட்டனோட அண்ணன் தம்பி வழியில இன்னைக்கு ஊருல இருக்கிற என் வயசுக்காரங்களோட நான் பகிர்ற அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழ, அவங்க கிட்டு எடுத்திருந்தாத்தான் அதுவும் தெரியும். இதோட இன்னொரு சிக்கல் இருக்கு, இத விளம்பரத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு சொந்தத்துக்குள்ளயே கட்டினவங்க. அதால ரெண்டு மூணு வழியில வர்ற சொந்தம் எல்லாம் ஒண்ணாக் கூடி, ரொம்பத் தூரத்து ஆள் கூட கிட்டத்து ஆள் மாதிரிக் காட்டும். எனக்கு "மூணாம் கஸின்"னு காட்டின ஒரு அம்மாவோட மெசேஜ்ல பேசிப் பாத்ததுல ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஊரும் இல்ல, ஒரு பேரும் இல்ல.

அந்த அம்மா தென்னாபிரிக்காவுல டர்பன்ல இருக்கிறவங்க. அவங்க பேச்சுக்கு நடுவுல தன்னோட பூட்டனாரோட கப்பல் பேப்பர் போட்டோ ஒண்ணு அனுப்பினாங்க. அதப் பாத்து எனக்குப் பொறாமையே வந்திட்டுது. ஆளுக்கு ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, சாதி, உயரம், உடம்புல இருக்கிற தழும்பு மச்சம், ஜில்லா, தாணா (பொலிஸ் வட்டம்), கிராமம், எல்லாம் வரிசையா. டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16ல ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து போய்ச் சேந்ததுல இருந்து 1911 வரைக்கும் போன சுமார் 152,000 பேருக்கும் இப்படிப் பதிவு இருக்கு. மொரீஷியஸ்காரங்களுக்கும் மோக்காவுல இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்துல குடியேற்றப் பதிவுகள் இருக்கு, போட்டோவோட கூட இருக்கு.

இதே வெப்சைட் எனக்குக் குடுத்த "குறிப்பு" என்ன தெரியுமா, ராமசாமின்னு அடிச்ச உடனே நேட்டால்ல 1890கள்ல எறங்கின ஒரு ராமசாமிய "இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்"னு பச்சை இலை மாதிரி ஒரு அடையாளம் போட்டுக் காட்டினது. பிறகு மொரீஷியஸ்ல ஒரு ராமசாமி. ஒரு கிழமைக்கு ஒரு ராமசாமி ஈமெயில்ல வந்துக்கிட்டே இருந்தாரு. ஆதாரம் பேர் மட்டும்தான். அப்பா பேரே இனிஷியலா வர்ற நம்ம வழக்கத்துல குடும்பப் பேர்ங்கிற பெட்டிக்குள்ள என்னத்தப் போடுறது? நான் அதுல கருப்பையான்னு போட்டா உலகத்துல இருக்கிற கருப்பையா எல்லாரும் எனக்கு ஒரே குடும்பமாயிடுவாங்க.

இந்த வெப்சைட்டுக்கு இலங்கைக்கு வந்த ராமசாமி ஏன் அகப்படலன்னா, அவர் பேர யாரும் எழுதல. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் போனவங்க அரசாங்கத்தோட ஒப்பந்தத்துல கையெழுத்து வச்சு, டிப்போவுல (கப்பல் வரைக்கும் ஆளுங்கள வச்சிருந்த முகாம்) பதிஞ்சு, கப்பல் ஏறினவங்க. இலங்கைக்கு வந்தவங்க கங்காணியோட வந்தவங்க. கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் குடுத்து ஆள் சேத்து, ஒரு கூட்டமாக் கூட்டிக்கிட்டு வருவாரு, கணக்கு அவரோட கணக்கு, கடன் அவரோட கடன். தேயிலைக்கு முந்தின கோப்பித் தோட்டக் காலத்துல மன்னார்ப் பக்கம் எறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவங்கள்ல வழியிலயே செத்தவங்க எத்தனையோ பேர், அவங்க பேர் எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. பிறகு தூத்துக்குடியில இருந்து கொழும்புக்குக் கப்பல், 1914ல பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கின பிறகு அந்த வழி, மண்டபம் கேம்ப்ல அடைச்சு வச்சு நோய் பாத்து அனுப்புவாங்க. அப்ப கூட கழுத்துல மாட்டி விட்ட தகர டிக்கட்டுல இருந்தது தோட்டத்தோட குறியும் நம்பரும்தான், ஆளோட பேரில்ல. ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறணும்னா "துண்டு" வேணும், அது கடன் எவ்வளவுங்கிற சீட்டு, 1921 வரைக்கும் அந்த முறை இருந்திச்சு. அதாவது எங்கட பூட்டன எழுதி வச்சிருந்தா கடன் கணக்காத்தான் எழுதி வச்சிருப்பாங்க, அந்தக் கணக்கு நோட்டும் கங்காணி வீட்டுக் கறையானுக்குப் போயிருக்கும். சப்ஸ்கிரிப்ஷன் வித்தவங்களுக்கு இது தெரியாது, தெரிஞ்சாலும் விக்கத்தான் செய்வாங்க.

சரி, எதுல கிடைச்சுது? சல்லி குடுக்காத இடத்துல.

முதல் துப்பு அப்பாவோட பிறப்புச் சான்றிதழ். அப்பா 1956ல கொழும்புல பிறந்தவர். பழைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ எடுத்து வடிவாப் பாருங்க, கீழ்ப்பக்கத்துல ரெண்டு கூடு (கட்டம்) இருக்கும், பாட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவரோட முழுப்பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம், தகப்பன் இலங்கையில பிறக்காம பூட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவரோட விபரம்னு. 1948ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு யாரு இந்த நாட்டுக்காரன்னு காட்டப் பரம்பரை கேட்டாங்க இல்லையா, அந்தக் கேள்வி அப்படியே குழந்தை பிறந்த பேப்பருக்குள்ள வந்து உக்காந்திருக்கு. எங்கப்பாவோட பேப்பர்ல பாட்டனார் கூட்டுல, அதாவது ராமசாமி பேர் வர வேண்டிய இடத்துல, நீல மையில ஒரு கோடு, நேரா, கொஞ்சம் அழுத்தி. கொழும்புல பிறந்த குழந்தையோட பேப்பர்ல ஒரு கிளாக் இழுத்த அந்தக் கோடு என்ன சொல்லுதுன்னா ராமசாமி இங்க பிறக்கல, வந்தவர் அவர்தான், அவருக்கு முந்தின தலைமுறைய இந்த நாட்டுல தேடி நேரத்த வீணாக்காதன்னு. அதுக்கு மேல தகப்பன் பிறந்த இடம்ங்கிற கூட்டுல தோட்டத்துப் பேர் முழுசா இருந்திச்சு. தோட்டத்துக்கு இங்கிலீசு பேர் ஒண்ணு, ஆளுங்க சொல்ற தமிழ்ப் பேர் வேற ஒண்ணு, அதால வீட்டுல சொல்ற பேர வச்சு மேப்புல தேடினா அகப்படாது, சான்றிதழ்ல இருக்கிற பேர்தான் உதவும். கொப்பி எடுக்கிறதுக்குப் பிரதேச செயலகத்துல போம் நிரப்பணும், பதிவு நம்பரும் திகதியும் தெரிஞ்சா வேலை லேசு, தெரியாட்டி தேடுறதுக்கும் சேத்துக் கட்டணும், ஆனா டொலர் கணக்கோட பாத்தா அது ஒரு காசே இல்ல.

ரெண்டாவது, இதுதான் உண்மையான புதையல், பெரியப்பா வீட்டு இரும்புப் பெட்டி. 1949ம் வருஷத்து 3ம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்துல தாத்தா விண்ணப்பம் போட்ட கொப்பி அதுக்குள்ள இருந்திச்சு. இந்தச் சட்டத்துல கல்யாணம் கட்டினவங்க ஏழு வருஷம், கட்டாதவங்க பத்து வருஷம் 1946 ஜனவரி 1க்கு முதல் விடாம இங்க இருந்ததாக் காட்டணும், விண்ணப்பம் போடக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதல்ல போடாதீங்கன்னு சொல்லிப் பிறகு போடச் சொன்னதால கடைசி நேரத்துல எல்லாரும் ஓடினாங்க, கிட்டத்தட்ட 237,000 விண்ணப்பம், அதுக்குள்ள சுமார் 825,000 பேர், கிடைச்சது ஏறக்குறைய 134,000 பேருக்குத்தான். எவ்வளவு பெரிய அநியாயம்னு பேசத் தொடங்கினா இந்த ரிவியூ முடியாது. ஆனா யாரும் பேர் எழுதாம வந்த ஒரு சனத்த, ஆளாளா, குடும்பம் குடும்பமா, ஊர் பேர் கேட்டு எழுத வச்சது இந்தச் சட்டம்தான், வெளியேத்தறதுக்காக எழுத வச்சாங்க, இன்னைக்கு நான் அத வச்சுத்தான் பூட்டனத் தேடுறேன்.

டைப் அடிச்ச தாள், ஓரம் பழுத்துப் போயிருக்கு, தோட்டத்து ஒபிஸ்ல செக்ரோல (வேலையாள் பதிவுப் புத்தகம்) பாத்துக் குடுத்த கடிதம் ஒண்ணு துருப்பிடிச்ச குண்டூசியோட, தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோவுல எடுத்த ஒரு போட்டோ. பாட்டி கண்ண அகலத் திறந்து கமராவ முறைக்கிறாங்க. தாத்தாவோட அப்பா பேர், பிறந்த இடம்ங்கிற வரியில திருச்சினாப்பள்ளி ஜில்லா, முசிறி தாலுகா, பிறகு ஒரு கிராமத்துப் பேர். பெரியப்பாவுக்கு அந்தப் பேப்பர் அங்க இருக்குன்னு தெரியும், "ஐடென்டிட்டிக்குக் கேப்பாங்கன்னு வச்சிருந்தோம், நீ ஊர் பேர் கேக்கிறன்னு யாருக்குத் தெரியும்"னாரு. அவரு சொன்னது ஞாயம்தான், எங்கட வீடுங்கள்ல பழைய பேப்பர் பொலிஸுக்கும் கச்சேரிக்கும் (அரசாங்க ஒபிஸ்) காட்டத்தான் இருக்கு.

கிராமத்துப் பேர் இங்க எழுதல. கிளாக் இங்கிலீசுல அடிச்சத மூணு விதமா வாசிக்கலாம், அந்தப் பக்கம் பட்டின்னு முடியிற ஊர் ஏகப்பட்டது இருக்கு, போதாக்குறைக்குப் பழைய முசிறி தாலுகாவுல இருந்த ஊருங்க சிலது இப்ப தொட்டியம் தாலுகா. சேலம் ஜில்லான்னு பழைய பேப்பர்ல இருக்கிறவங்களுக்கும் இதே தலையிடிதான், நாமக்கல் 1997ல தனி மாவட்டமாயிட்டுது, கரூரும் பெரம்பலூரும் 1995ல திருச்சியில இருந்து பிரிஞ்சுது.

இத அவிழ்த்தது நீலகிரிக் கூடலூர்ல இருக்கிற சொந்தம். தாத்தாவோட அண்ணன் குடும்பம் 1964 அக்டோபர்ல இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஆளுங்களப் பங்கு போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போய்ச் சேந்த பங்கு, எழுபதுகள்ல தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் போய், மண்டபம் வழியா நீலகிரிக்குப் போனாங்க. தாயகம் திரும்பினவங்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968ல தொடங்கின டேன்டீ தேயிலைத் தோட்டத்துல வேலை. பூட்டன் ஒரு வழியா வந்தாரு, மகன் அதே வழியாத் திரும்பினாரு. அந்தக் குடும்பத்துல பெரியப்பா முறையான ஒருத்தர் இப்பவும் இருக்காரு, வாட்ஸ்அப்ல வீடியோ போட்டா காதுகிட்ட வச்சிக்கிட்டுப் பேசுவாரு, நமக்கு அவர் காது மட்டும்தான் தெரியும். அவர்கிட்ட ஊர் பேர் கேட்டதுக்கு யோசிச்சாரு. குலதெய்வம் எதுன்னு கேட்டதுக்கு யோசிக்கவே இல்ல. இத ஒரு முறையாவே சொல்லித்தர்றேன், வயசானவங்ககிட்ட ஊர் கேக்காதீங்க, சாமி கேளுங்க. வெறும் கருப்பண்ணசாமின்னு சொன்னா நிறுத்திடாதீங்க, கருப்பு இல்லாத ஊரே கிடையாது, எந்த ஏரிக்கரை, எந்த மரத்தடி, கூட நிக்கிற சாமி எது, சிவராத்திரிக்கு யாரு பூசை வைப்பாங்க, பங்காளிங்க எத்தனை வீடு, இத கேட்டீங்கன்னா ஊர் தானா வந்து விழும். அவர் சொன்ன கோயில வச்சுப் பாத்தப்ப மூணு வாசிப்புல ஒண்ணுதான் நின்னுது. வெப்சைட்ல குலதெய்வத்துக்கு ஒரு பெட்டி இல்ல, மதம்னு ஒரு பெட்டி இருக்கு, அதுல இந்துன்னு போட்டா முடிஞ்சுது.

கொழும்புல இருக்கிறவங்களுக்கு வேற ரெண்டு மூணு இடம். பிலிப் குணவர்தன மாவத்தையில, பழைய ரீட் அவெனியூன்னா எல்லாருக்கும் தெரியும், தேசிய சுவடிகள் திணைக்களம். அங்க பூட்டன் பேர் இருக்கும்னு போகாதீங்க. தோட்டம் தெரிஞ்ச பிறகு போங்க, பெர்குசன் டிரெக்டரியில அந்தந்த வருஷம் தோட்டம் யாருகிட்ட இருந்திச்சு, எத்தனை ஏக்கர், துரை யாருன்னு பாக்கலாம், பழைய கெசட், பழைய பேப்பர் பாக்கலாம். 1930ல தொடங்கின வீரகேசரி பழைய பக்கங்கள வாசிச்சா நேரம் போறதே தெரியாது, தேடிப் போனத மறந்திடுவீங்க. வீட்டுல இருந்தபடி பாக்க நூலகம் வெப்சைட் இருக்கு, 2005ல இருந்து இலவசமா நடக்குது, மலையகம் பத்தின எவ்வளவோ அதுக்குள்ள கிடக்கு.

கிறிஸ்தவங்களுக்குக் கதையே வேற. எதிர்வீட்டு அன்ரி பரதர், தூத்துக்குடியில இருந்து வந்த குடும்பம். அவங்க பங்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துல ஞானத்தகப்பன் ஞானத்தாய் பேரோட ரெண்டு தலைமுறை ஒரே நாள்ல எடுத்திட்டாங்க. பெமிலிசேர்ச்ங்கிற வெப்சைட், மோர்மன் சபைக்காரங்க நடத்துறது, சல்லி கட்டத் தேவையில்ல, அதுல கொழும்பு டச்சுக் கோயில் பதிவுகள் 1600கள்ல இருந்து இருக்கு. பறங்கிக் குடும்பமோ கொழும்புச் செட்டிக் குடும்பமோன்னா அங்க தொடங்குங்க. எங்கள மாதிரி மாதம்பிட்டியில எரிச்சு சாம்பல கடல்ல கரைக்கிற ஆளுங்களுக்குக் கல்லும் இல்ல, ரெஜிஸ்டரும் கஷ்டம்.

இன்னொண்ணு, எச்சில் குடுக்கிறதுன்னா உங்களோட சேத்து உங்க தங்கச்சி பிள்ளைங்க விபரத்தையும் குடுக்கிறீங்க. இதே மாதிரிக் கிட்டு விக்கிற ட்வென்டித்ரீ அன்ட் மீ கொம்பனியில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விபரம் வெளிய போச்சு, 2025 மார்ச்ல அந்தக் கொம்பனி வங்குரோத்துன்னு கோர்ட்டுக்குப் போனது. எங்கட மச்சானுக்கு இதச் சொன்னா "நம்மகிட்ட என்ன இருக்கு களவெடுக்க"ங்கிறாரு. வீட்டுல யாரு யாருக்குப் பிறந்தாங்கன்னு ஒரு இரகசியம் இருந்தா அதுவும் வெளிய வரும்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

ஆக யாரு வாங்கலாம்? தத்துக் குடுத்த பிள்ளை, அப்பா யாருன்னு தெரியாதவங்க, சொந்தங்கள் கனடா லண்டன்னு சிதறித் தொடர்பு விட்டுப் போனவங்க, அவங்களுக்கு இந்தக் கிட்டு உண்மையாவே உதவும், ஏன்னா தேடுற ஆள் கிட்டத்து ஆள், அவங்களும் கிட்டு எடுக்கிற நாட்டுல இருக்காங்க. தோட்டத்துக்கு வந்த பூட்டனோட ஊரைத் தேடுறவங்க வாங்க வேணாம். 1939 ஆகஸ்ட்ல இந்தியா ஆள் அனுப்புறத நிறுத்தினது, அதால உங்க ஆள் அதுக்கு முதல் வந்தவர்தான், அவரோட மகனோ மகளோ 1951க்குள்ள பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருப்பாங்க, அந்தக் கொப்பி எந்தப் பெரியப்பா வீட்டுப் பெட்டியில இருக்குன்னு முதல்ல கேளுங்க, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குத் திரும்பிப் போன கிளையோட போன் நம்பர் எடுங்க. சப்ஸ்கிரிப்ஷன் எடுத்தே ஆகணும்னா கட்டின அன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் ஆட்டோ ரினியூவல ஓஃப் பண்ணிடுங்க, அந்த பட்டன் முதல் பக்கத்துல இருக்காது, எக்கவுன்ட்டுக்குள்ள போய் அதுக்குள்ள இன்னொரு மெனுவுல இருக்கு, ஓஃப் பண்ணின பிறகு கன்பர்மேஷன் ஈமெயில் வந்ததா பாருங்க, வரலன்னா ஓஃப் ஆகல.